ஒரு ஏக்கர் தூயமல்லியின் கணக்கு

எங்கள் வீட்டில் வயல் கணக்கு எழுதுவது நான்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுக்குப் பதினைந்து மா நிலம். மூன்று மா ஓர் ஏக்கர் என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு, ஆக ஐந்து ஏக்கர். விதை வாங்கியது, நடவுக் கூலி, மிஷின் வாடகை, ஆட்களுக்கு வாங்கிய டீ வரைக்கும் நோட்டில் இருக்கும். பாரம்பரிய நெல் போட்டால் லாபமா என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். வாயால் சொல்வதைவிட நோட்டைப் பிரித்துக் காட்டுவது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

2024-25 சம்பாப் பருவத்தில் ஒரே வாய்க்கால் பாயும் இரண்டு வயல்களில், ஒன்றில் சி.ஆர். 1009 சப் 1 என்ற நவீன ரகம், இன்னொன்றில் தூயமல்லி என்ற பாரம்பரிய வெள்ளை நெல் போட்டோம். இரண்டும் ஓர் ஏக்கர்தான்.

சி.ஆர். 1009 அறுபது கிலோ மூட்டையில் 36 கண்டது. 2,160 கிலோ. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பமாகப் பிடித்தார்கள், 54 சிப்பம். அந்தப் பருவத்துக்குச் சாதாரண ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,405 ரூபாய். மொத்தம் 51,948. உழவு முதல் அறுவடை வரை செலவு 31,000. கையில் நின்றது சுமார் 20,950 ரூபாய். நெல் போட்டு ஒரு வாரத்தில் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது.

தூயமல்லி 21 மூட்டைதான் கண்டது. 1,260 கிலோ. களத்தில் காயவைத்துத் தூற்றியதில் ஐம்பது கிலோ குறைந்தது. விதைக்கு முப்பது கிலோ எடுத்து வைத்தோம். மீதி 1,180 கிலோவைப் புழுக்கி அரைத்ததில் 730 கிலோ அரிசி. குருணையும் வீட்டுக்கு எடுத்ததும் போக 700 கிலோவைக் கிலோ 75 ரூபாய்க்கு விற்றோம், 52,500. சாகுபடிச் செலவு 19,500. உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போகவில்லை என்பதால்தான் இவ்வளவு குறைவு. நெல் அவிப்பு, அரவை, வண்டி, சாக்கு என்று அறுவடைக்குப் பின் 7,800. நின்றது 25,200.

ஆக, தூயமல்லியில் 4,250 ரூபாய் கூடுதல். இதைச் சொன்னதும் போனில் பேசுகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். நான் உடனே அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொல்வேன்.

சி.ஆர். 1009 பணம் மாசியிலேயே வந்துவிட்டது. தூயமல்லியின் கடைசிப் பத்து கிலோ விற்றது ஐப்பசியில். அதுவரை நெல் பத்தாயத்தில் இருந்தது, அதற்கான பணம் எங்களிடம் இல்லை. வைகாசியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம், ஆனியில் குறுவை உழவு. சராசரியாக 25,000 ரூபாய் எட்டு மாதம் முடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகையை வைத்து மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கினால் 2,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். கூடுதல் 2,250 ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த 2,250-க்குள்தான் எட்டு மாதம் நானும் அத்தையும் புடைத்தது, சலித்தது, மூட்டை கட்டியது, வாட்ஸ்அப்பில் பதில் சொன்னது எல்லாம் அடங்கும்.

அப்படியானால் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்கலாம். ஏழெட்டு வருடம் தடுமாறித்தான் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. தனி ஒரு ரகத்தை எடுத்து, இது லாபமா நட்டமா என்று பார்த்த வரைக்கும் எனக்குக் கணக்கு பிடிபடவே இல்லை. பதினைந்து மாவையும் ஒன்றாக வைத்து, எந்த நெல் எந்த வயலில், எப்போது, யாருக்காக என்று பார்த்தபோதுதான் பிடிபட்டது.

பாரம்பரிய நெல் நாங்கள் போடத் தொடங்கியது 2017-இல். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போன என் வீட்டுக்காரர் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதையோடு வந்தார். அந்தத் திருவிழாவை நடத்திவந்தவர் நெல் ஜெயராமன், இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவோடு நடந்தவர். 174 பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்ட அவர் ஏற்படுத்திய ஏற்பாடு இது: இரண்டு கிலோ விதை இலவசமாகக் கிடைக்கும், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நாங்கள் திருப்பிக் கொடுத்த வருடம்தான் கஜா புயல். புயல் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2018 டிசம்பர் 6-இல் அவர் காலமானார். தென்னை எல்லாம் விழுந்து, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் அந்தச் செய்தி வந்தது. இன்றைக்கும் எங்களிடம் விதை வாங்குகிறவர்களிடம் இரண்டுக்கு நான்கு என்ற கணக்கைத்தான் சொல்கிறோம். எங்களுக்குத் தர வேண்டாம், தெரிந்த இன்னொருவருக்குக் கொடுங்கள் என்போம்.

இரண்டு கிலோவில் ஓர் ஏக்கர் நடலாம் என்பதை அப்போது எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. ஒற்றை நாற்று நடவில் அது போதும். ஆனால் முதல் முறை ஒரு தப்பு செய்தோம். பயிர் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்ததும் பழைய பழக்கத்தில் அரை மூட்டை யூரியா போட்டுவிட்டோம். அத்தை வேண்டாம் என்றார்கள். "அது தானா எழும்பி வர்ற சாதி. உரம் போட்டா தலைகனத்துப் படுத்துடும்" என்றார்கள். தை முதல் வாரத்தில் நெஞ்சு உயரத்துக்கு நின்ற பயிர் ஒரே ராத்திரிக் காற்றில் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய அறுவடைக்கு மிஷின் மூன்று மணி நேரம் ஓடியது. மணிக்கு இவ்வளவு என்றுதானே வாடகை. அந்த வருட லாபம் அந்த ஒரு மத்தியானத்தில் போனது. உயரமான ரகத்துக்கு எரு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுதது, இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

இளம் வயதில் எல்லா வயலிலும் ஒரே நெல் போட்டதே இல்லை என்று அத்தை சொல்வார்கள். பள்ள வயலுக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று, அவலுக்கு ஒன்று. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது, பின்னாலேயே ஐ.ஆர். 8. "ஒரு மாவுக்கு அஞ்சு மூட்டை கண்ட இடத்துல பத்து மூட்டை கண்டா யாருதான் வேணாங்கும்?" என்பார்கள். அன்றைக்கு வீட்டில் பசி இருந்தது. அதை மறந்துவிட்டு அந்த நெல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் நிலத்தில் இன்றும் பாதிக்கு மேல் அந்த வழியில் வந்த நெல்தான்.

2020-இல் கறுப்புக் கவுனி. அப்போது நல்ல கிராக்கி. ஒரு வியாபாரி களத்துக்கே வந்து மூட்டைக்கு 4,200 கொடுத்து எடுத்துப்போனார். எல்லார் கண்ணும் அதில் விழுந்தது, எங்கள் கண்ணும்தான். அடுத்த வருடம் ஆறு மாவில் கவுனி போட்டோம். பக்கத்து ஊர்களிலும் அப்படியே. அறுத்துக் களத்தில் கொட்டியபோது கேட்ட விலை 2,100. அதற்கும் ஆள் வரவில்லை. சிவப்பு, கறுப்பு அரிசி வரும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட எங்களுக்கு வழியில்லை. பத்தாயம் நிறையக் கவுனியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் விற்றோம். வெள்ளை அரிசிக்கு ஊரெல்லாம் ஆள் உண்டு. கவுனி தின்பவர்கள் மாதத்துக்கு ஒரு முறை பாயசம், ஒரு முறை கஞ்சி வைக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து கிலோ போனால் அதிகம். ஓர் ஏக்கர் கவுனி அரிசி விற்க நூறு குடும்பம் வேண்டும். இந்த வகுத்தல் கணக்கை விதைப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

அதிலிருந்து எந்த ரகமானாலும் முதலில் எழுதுவது இதைத்தான்: யார் தின்பார்கள், மாதத்துக்கு எத்தனை கிலோ. சர்க்கரைக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லி நாங்கள் விற்பதில்லை. மருந்தாக நினைத்து வாங்குகிறவர் ஒரு கிலோ வாங்குவார், பத்து நாளில் வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவார். திருச்சியில் ஓர் அக்கா மாப்பிள்ளைச் சம்பாவில் இட்லி ஊற்றிப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் இன்னும் இரண்டு கேட்டார்கள் என்று ஐந்து வருடமாக மாதம் ஆறு கிலோ வாங்குகிறார். அவரை நம்பித்தான் பயிர் வைக்க முடியும். பையோடு ஒரு துண்டுச் சீட்டும் வைப்பேன். மாப்பிள்ளைச் சம்பாவை முதல் நாள் ராத்திரியே ஊறவையுங்கள், தூயமல்லிக்கு அரை மணி நேரம் போதும், வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், இப்படி. அந்தச் சீட்டு வைக்கத் தொடங்கியபின் "அரிசி வேகவே மாட்டேங்குது" என்ற போன் நின்றுவிட்டது.

அப்புறம் அரவை. புதிதாக வருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை, எங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வருடம் ஆர்வத்தில் ஒன்பது ரகம் போட்டோம். இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, களத்தில் ஒன்றோடொன்று சேராமல் இருக்க நடுவில் வைக்கோல் பிரி போட்டுக் காயவைத்தோம். மில்லுக்குக் கொண்டுபோனால், அங்கிருந்த தம்பி மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒரு ரகத்துல பத்து மூட்டையாவது கொண்டாங்க. மூணு மூட்டைக்கு ஓட்டுனா முன்னாடி அரைச்சவங்க அரிசிதான் உங்களுக்கு வரும், உங்க அரிசி அடுத்தவங்களுக்குப் போகும்." கெஞ்சிக் கேட்டு அரைத்தோம். வீட்டுக்கு வந்து தூயமல்லிச் சாக்கைப் பிரித்துப் பார்த்தால், வெள்ளை அரிசிக்குள் எள்ளைத் தெளித்தது போலக் கவுனி. எலிவேட்டரிலும் தொட்டியிலும் ஒட்டிக்கிடந்த மிச்சம். திண்ணையில் வெள்ளை வேட்டியை விரித்து நானும் அத்தையும் சின்ன மகளுமாக நான்கு நாள் பொறுக்கினோம். நாற்பது கிலோவுக்கு மேல் முடியவில்லை. மீதியை மாவாக அரைத்துப் புட்டுக்கும் அடைக்கும் கொடுத்தோம்.

இப்போது அந்த மில்லில் வாரத்தில் ஒரு நாள் பாரம்பரிய நெல் மட்டும் அரைக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் ஏழு பேர் சேர்ந்து கேட்டதால் கிடைத்த ஏற்பாடு. முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. ரகம் மாறும்போது முதல் பத்து கிலோவைத் தனியாகப் பிடித்து மாட்டுக்கோ மாவுக்கோ வைத்துவிடுவோம். எத்தனை ரகம் போடலாம் என்பது எங்கள் நிலத்தில் முடிவாவதில்லை, அந்த மில்லின் தொட்டியில் முடிவாகிறது. ஒரு ரகத்தில் பத்து மூட்டை தேறாதென்றால் அதை விற்பனைக்கு என்று போடுவதில்லை. விதைக்காகவும் வீட்டுக்காகவும் மட்டும் போடுவோம்.

அரிசியாக வைக்கக்கூடாது என்பதும் அடிபட்டுக் கற்றதுதான். தவிடு நீக்காத அரிசி மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் அந்துப்பூச்சியும் முன்னாலேயே வந்துவிடும். நெல்லாக வைத்தால் ஒரு வருடம் நிற்கும். கடித்தால் டக்கென்று சத்தம் வரும் அளவுக்குக் காயவைத்துப் பத்தாயத்தில் போட்டு, மாதம் ஒருமுறை ஆர்டருக்குத் தகுந்தபடி அரைக்கிறோம்.

விதையைப் பற்றி நிறைய எழுத ஆசை. கார்த்திகை கடைசியில் கதிர் வெளிவரும்போது காலை ஏழு மணிக்கு வரப்பில் நின்று, வெயிலுக்கு எதிர்முகமாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் நம் நெல்லோடு கலந்து வளர்ந்த வேற்று நெல், அதாவது கலவன், தெரியும். மொட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதிரில் மட்டும் மீசை மின்னும். ஒன்று ஒரு சாண் உயரமாக நிற்கும், ஒன்றின் தாளில் கணுவுக்கு மேல் ஊதா ஓடியிருக்கும். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. தாளைக் கையால் தடவி, "இது நம்ம நெல்லு இல்ல, புடுங்கு" என்பார்கள். தூரோடு பிடுங்கி வரப்பில் போட வேண்டும். கதிரை மட்டும் கிள்ளினால் அது மறுபடி வெடித்து வரும். அறுவடைக்கு முன் வயலின் நடுவில் விதைக்கு வேண்டிய அளவை மட்டும் அரிவாளால் அறுத்து, மிஷினில் விடாமல் கட்டையில் அடித்து எடுக்கிறோம். மிஷினின் வயிற்றில் முந்தின வயலின் நெல் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அடித்த விதையை நன்றாகக் காயவைத்து, வேப்பிலை, நொச்சியிலை போட்டு, வசம்பைத் தட்டி வைத்துக் கட்டுவோம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, பிராண்டு பெயர் போடாமல் நம் விதையை நாம் வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை உண்டு. கிலோ கணக்கில் பார்த்தால் எங்களுக்கு அதிக விலை கிடைப்பது விதை நெல்லுக்குத்தான், பணமும் உடனே வரும். ஆனால் அது நூறு, நூற்றைம்பது கிலோவோடு நின்றுவிடும். முளைப்பில் ஒரு முறை ஏமாற்றினால் அந்த வாசல் அடைபட்டுவிடும் என்பதால், கொடுக்கும் முன் நூறு நெல்லை ஈரச்சாக்கில் சுற்றி முளைப்பு பார்க்காமல் கொடுப்பதே இல்லை.

இனி பதினைந்து மாவின் கணக்குக்கு வருகிறேன். எட்டு மாவில் சி.ஆர். 1009. இது கொள்முதல் நிலையத்துக்கு. கடன், பள்ளிக்கூடம், அடுத்த உழவு எல்லாம் இந்தப் பணத்தில். மூன்று மாவில் தூயமல்லி. இரண்டு மா பள்ள வயல். அங்கே முன்பெல்லாம் கார்த்திகையில் தண்ணீர் கட்டி மூன்று வருடத்தில் ஒரு வருடம் பயிர் அழுகும். இப்போது காட்டுயானம். 2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் அந்த வயலில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. காட்டுயானம் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாவுக்கு பதினோரு மூட்டை. குறைவுதான், ஆனால் முன்பு அந்த வயலில் மூன்று வருடத்துச் சராசரி போட்டால் அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஒரு மாவில் சீரகச் சம்பா. அதை அரைப்பதே இல்லை, நெல்லாகவே பிரியாணி அரிசி வியாபாரிக்குப் போய்விடும். மிச்சம் ஒரு மா மாப்பிள்ளைச் சம்பா, பெரும்பாலும் அவலுக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும். தண்ணீர் வந்தால் குறுவையில் மூன்று மா பூங்கார். எண்பது, தொண்ணூறு நாளில் கைக்கு வந்துவிடும், இடையில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் தாங்கும்.

ரகங்களின் வயது வேறுபாட்டின் அருமை 2021 ஜனவரியில் தெரிந்தது. பொங்கலை ஒட்டி டெல்டா முழுக்க மழை கொட்டியது. முற்றி நின்ற தூயமல்லி சாய்ந்து, நான்காம் நாள் கதிரிலேயே முளைவிட்டது. ஐந்து மூட்டைதான் தேறியது. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நூற்றறுபது நாளுக்கு மேல் வயது. அப்போது பால் பிடித்துப் பச்சையாக நின்றது. மாசியில் அதைத்தான் அறுத்தோம். எல்லாம் ஒரே நாளில் முற்றியிருந்தால் அந்த வருடம் மொத்தமும் போயிருக்கும். இந்தப் பாதுகாப்புக்கு நோட்டில் தனியாக ஒரு வரி எழுத முடியாது, அதனால் ஏக்கர் கணக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. வைக்கோலும் அப்படித்தான். எங்கள் மூன்று மாடுகளுக்கு வைக்கோல் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்கு அரிசியும் கடையில் வாங்குவதில்லை.

பணம் முடங்குவதற்கும் ஒரு வழி கண்டோம். ஆவணியில் நடவு முடிந்ததும் பழைய வாடிக்கைக் குடும்பங்களிடம், வருடத்துக்குத் தேவையான அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு முன்பணம் கேட்கிறோம். கொடுத்தவர்களுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு. நாற்பத்தெட்டு குடும்பத்தில் இருபத்தாறு பேர் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் களை எடுப்புக் கூலி முடிந்துவிடும், நகை பீரோவிலேயே இருக்கும். மழையில் பயிர் போனால் என்ன செய்வோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வேறு ரகம் தருவோம், இல்லையென்றால் அடுத்த வருடம். 2021-இல் தூயமல்லி கேட்டவர்களுக்கு மாப்பிள்ளைச் சம்பாதான் போனது. இரண்டு பேர் மட்டும் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம்.

குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவர்கள் கேட்டால் நான் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்கிறேன். இருபது மூட்டை கண்டாலும் நாற்பது கண்டாலும் அளக்க வேண்டிய குத்தகை மாறாது. ஒரு மாவில் தொடங்கி, வீட்டுச் சாப்பாட்டுக்குத் தேவையான அளவு மட்டும் போட்டு, மீதி விதையாகப் போகிறதா என்று இரண்டு வருடம் பாருங்கள். ரசாயன உரத்தை நிறுத்திய முதல் இரண்டு வருடம் மண் பழகும்வரை விளைச்சல் இறங்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பெரியப்பா வந்தார். எங்கள் பள்ள வயலை அடுத்தது அவருடையது. கார்த்திகை மழையில் அவருக்கு அழுகியது, எங்களுக்கு நின்றது. இத்தனை வருடம் வரப்பில் நின்று, "இந்த நெல்லை யாரும்மா வாங்குவா" என்று கேட்டவர். இந்த முறை திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "அந்தக் காட்டுயானத்துல ரெண்டு கிலோ இருக்குமா?" என்றார். அத்தை உள்ளே போய்த் துணிப்பையில் அளந்து கொண்டுவந்தார்கள். ஆடிக் கடைசிக்குள் நாற்றங்கால் விடச் சொல்லியிருக்கிறேன், யூரியா போடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவர் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய நான்கு கிலோவை எழுதி வைத்தாயிற்று.